உழைப்பாளி என்னும் முத்திரை

கொங்கு நாட்டைப் பற்றித் தமிழகத்தின் பிற பகுதிகளில் நிலவும் கருத்துகளைத் தொகுத்துப் பார்த்தால் அவற்றுள் பெரும்பாலானவை உழைப்பு, மரியாதை, தொழில் முனைப்பு என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடும். கோயம்புத்தூர்க்காரர் சும்மா உட்கார மாட்டார், பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவார், கையில் நாலு காசு சேர்ந்தால் பட்டறை வைத்துவிடுவார் என்பவை திரைப்படத்திலும் மேடையிலும் பெண் பார்க்கும் பேச்சிலும் ஒரே உறுதியுடன் சொல்லப்படுகின்றன. ஒரு மக்கள் கூட்டத்தைச் சேர்ந்த எல்லோர் மீதும் ஒரே குணத்தை முன்கூட்டியே ஏற்றிவிடும் இத்தகைய எண்ணத்தைச் சமூக அறிவியலார் 'ஸ்டீரியோடைப்' என்பர். தமிழில் முத்திரை குத்துவது என்று வழங்குவது ஏறத்தாழ இதுவே. இழிவுபடுத்தும் முத்திரைகளைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் புகழும் முத்திரை ஆய்வுக்குரிய பொருளாக எளிதில் கண்ணில் படுவதில்லை. கோவையிலோ ஈரோட்டிலோ சமூகவியலும் சமூகப்பணியும் பயிலும் மாணவர் ஒருவர் தம் வட்டாரத்தின் சமூக மாற்றத்தையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளும்போது அவரை மிகவும் திணறடிப்பது இந்தப் புகழும் முத்திரைதான், ஏனெனில் அதை மறுத்துப் பேச அங்கே யாருக்கும் காரணம் இருப்பதில்லை.

இந்த முத்திரை உண்மையா பொய்யா என்று கேட்கும் ஆய்வு விரைவில் முட்டுச்சந்தில் போய் நிற்கும். கவுண்டர் என்று அழைக்கப்படும் கொங்கு வேளாளர் கடுமையாக உழைத்தவர்கள் என்பதற்கு ஆயிரம் சான்றுகள் கிடைக்கும். உழைக்காத கவுண்டர்களுக்கும், உழைத்தும் அந்தப் பெயரைப் பெறாத பிறருக்கும் அதே அளவு சான்றுகள் கிடைக்கும். எந்த நிலத்தில், எந்த வேலையில், யாருடைய துணையால் இந்தக் குணம் உருவானது, அந்த வேலை மாறிய பிறகு அந்தப் பெயர் யாரிடம் போனது என்று கேட்கும்போதுதான் முத்திரையும் சமூக மாற்றமும் ஒரே ஆய்வின் இரு பக்கங்களாகத் தெரியத் தொடங்குகின்றன. கொங்கு நாட்டில் இக்கேள்விக்கு வேண்டிய மூலப்பொருள் வேறு எந்த வட்டாரத்துக்கும் குறையாமல் இருக்கிறது. கடந்த 60 ஆண்டுகளில் முனைவர் பட்டத்துக்காகவும் அதற்குப் பின்னரும் இங்கு வந்து தங்கி ஆராய்ந்தவர்கள் அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

சமூக உளவியல் முத்திரை என்னும் பொருளைக் கையாண்ட விதத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அச்சுத் தொழிலில் வழங்கிய ஒரு சொல்லை எடுத்து மனத்தில் பதிந்த சித்திரங்களுக்கு அதைப் பெயராக்கியவர் வால்டர் லிப்மன் என்ற அமெரிக்க இதழாளர், ஆண்டு 1922. அதன்பின் 1933-இல் டேனியல் கட்ஸ், கென்னத் பிரேலி ஆகிய இருவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்கள் 100 பேரிடம் 84 குணச்சொற்கள் அடங்கிய பட்டியலைக் கொடுத்து, 10 இனத்தவருக்குப் பொருந்தும் குணங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். துருக்கியர் ஒருவரையும் நேரில் பார்த்திராத மாணவர்களும் துருக்கியரின் குணம் என்ன என்று தயங்காமல் குறித்துக் கொடுத்தார்கள். இதே சோதனை 1951-இலும் 1969-இலும் திரும்ப நடத்தப்பட்டபோது, இனத்தையொட்டிக் குணம் சொல்வது அறிவுக்கு ஒவ்வாத வேலை என்று மாணவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள், ஆனாலும் பட்டியல்கள் நிரம்பின. பழைய முத்திரைகள் சில மங்கிய இடத்தில் வேறு சில வந்து அமர்ந்திருந்தன.

இவற்றைவிடக் கொங்கு ஆய்வுக்குப் பயன்படக்கூடியது ஆலிஸ் ஈக்லியும் வலெரி ஸ்டெஃபனும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு. பெண்கள் பரிவானவர்கள், ஆண்கள் முனைப்பானவர்கள் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று தேடிய இவர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் என்று ஓர் ஆணை அறிமுகப்படுத்தினால் அவரும் பெண்ணுக்கு இணையாகப் பரிவுள்ளவராகவே மதிப்பிடப்படுகிறார் என்பதைக் காட்டினார்கள். ஒருவர் அன்றாடம் செய்யும் வேலையைப் பார்க்கும் கண், அந்த வேலைக்கு வேண்டிய குணத்தை அவருடைய பிறவிக் குணமாக எடுத்துக்கொள்கிறது என்பது இதிலிருந்து பிறந்த கோட்பாடு; இதற்குச் சமூகப் பங்குக் கோட்பாடு என்று பெயர். யார் எந்த வேலையில் வைக்கப்பட்டார்கள் என்ற வரலாறு தெரியாமல் ஒரு முத்திரையின் பிறப்பை விளக்க முடியாது என்பதே இதன் உட்பொருள். கொங்கு நாட்டில் அந்த வரலாறு கிணற்றடியில் தொடங்குகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் கிடக்கும் இந்நிலத்தின் பல வட்டங்களில் ஆண்டு மழை 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவிலேயே நிற்கிறது. தஞ்சையைப் போல் ஆற்றுக் கால்வாய் தானாக வந்து பாய்வதில்லை. பாறையை உடைத்துக் கிணறு வெட்டி, எருது பூட்டிக் கவலையால் நீர் இறைத்து, புன்செய்க் காட்டின் ஒரு துண்டைத் தோட்டமாக்கிக் கொள்ள வேண்டும். 1880 முதல் 1955 வரையிலான தமிழக வேளாண் பொருளாதாரத்தை ஆராய்ந்து 1984-இல் நூல் வெளியிட்ட வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் பேக்கர், தமிழ் நிலத்தை ஆற்றுப் பள்ளத்தாக்கு, சமவெளி, கொங்கு நாடு என மூன்றாகப் பிரித்துக்கொண்டதற்கு இந்த வேறுபாடே அடிப்படை. ஆற்றுப் பாசனத்தில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு உரிமையாளர் ஊருக்குள் இருந்துவிடலாம். கிணற்றுப் பாசனத்திலோ விடியற்காலையில் கவலை ஓட்டவும் மடை திருப்பவும் பருத்திக்கும் புகையிலைக்கும் களை பார்க்கவும் உரிமையாளரே தோட்டத்தில் இருக்க வேண்டியிருந்தது, ஆகவே அவர் ஊரைவிட்டுத் தோட்டத்திலேயே சாளை என்னும் குடிசை போட்டுக் குடியிருந்தார். கொங்கு உழைப்பு என்று பின்னாளில் புகழப்பட்டதன் வேர் இந்தப் பாசன முறையில் இருக்கிறது.

ஆனால் அந்தக் கவலையைத் தனி ஆளாக யாரும் இறைத்துவிடவில்லை. நீர் அள்ளிவரும் சாலுக்குத் தோலாலான வால் வேண்டும். எருதுகளைப் பூட்ட வார் வேண்டும். முள் காட்டில் நடக்கச் செருப்பு வேண்டும். இவை அனைத்தையும் செய்து தந்தவர்களும், அதே தோட்டத்தில் ஆண்டுக் கணக்கில் பண்ணையாளாக நின்று கவலை ஓட்டியவர்களும், ஆடு மேய்க்கத் தங்கள் சிறுவர்களை அனுப்பி வைத்தவர்களும் மாதாரிகள் என்று அழைக்கப்பட்ட அருந்ததியர். உரிமையாளரும் பண்ணையாளும் ஒரே வெயிலில் ஒரே வேலையைச் செய்தார்கள், எனினும் ஒருவருக்கு உழைப்பாளி என்ற பட்டமும் மற்றவருக்கு மேற்பார்வை இல்லாவிட்டால் வேலை செய்யாதவர் என்ற பட்டமும் கிடைத்தன. ஒரு முத்திரையைத் தனியாக எடுத்து ஆராய்வது வீண் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. புகழும் முத்திரை ஒன்று இருக்குமானால் அதன் மறுமுனையில் இகழும் முத்திரை ஒன்று கட்டப்பட்டிருக்கும்.

சுவீடன் நாட்டு வரலாற்றாய்வாளர் குன்னல் செடர்லோஃப் கோவை மாவட்ட மாதாரிகளைப் பற்றி எழுதி 1997-இல் வெளிவந்த நூல், இந்தப் பிணைப்பு எவ்வாறு தளர்ந்தது என்பதை 1900 முதல் 1970 வரை தொடர்ந்து பார்க்கிறது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, அதன் மின்சாரம் முதலில் கோவை ஆலைகளுக்கும் பின்னர் படிப்படியாகக் கிணறுகளுக்கும் வந்தபோது கவலை நின்றது; கவலை நின்றதும் தோல் வேலைக்குத் தேவை குறைந்தது. உரிமையாளர் வீட்டோடு மாதாரிக் குடும்பத்துக்கு இருந்த கட்டு அவிழ்ந்தபோது அடிமைத்தனத்தின் ஒரு பகுதி போனது, அத்துடன் ஆண்டு முழுதும் உறுதியாகக் கிடைத்த தானியமும் போனது. ஒரு மின் மோட்டார் இரண்டு சாதிகளுக்கு இடையிலான உறவை மாற்றியமைத்ததை எண்ணிப் பார்க்கும் மாணவர், சமூக மாற்றம் என்றதும் இயக்கங்களையும் சட்டங்களையும் மட்டுமே தேடிப் போகமாட்டார். கோவையின் பெருமைக்குரிய பம்ப்செட் தொழிலுக்கு இப்படியும் ஒரு வரலாறு உண்டு என்பதைத் தொழில் வரலாற்று நூல்கள் சொல்வது அரிது.

அடுத்த காட்சி திருப்பூரில். 1920-களில் தொடங்கிய பின்னலாடைத் தொழிலில் முதல் தலைமுறை உரிமையாளர்கள் பல சமூகங்களைச் சேர்ந்தவர்கள். சுதந்திரத்துக்குப் பின் சிறு விவசாயக் குடும்பங்களிலிருந்து பனியன் கம்பெனிக்குத் தொழிலாளிகளாக வந்த கவுண்டர் இளைஞர்கள் கூட்டுச் சேர்ந்து சிறு கம்பெனிகள் தொடங்கி, 1980-களின் ஏற்றுமதிக் காலத்தில் ஊரின் முதன்மைத் தொழில் வகுப்பாக மாறினார்கள். 1990-களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து ஆய்வு மாணவராக வந்த ஷரத் சாரி இந்த உரிமையாளர்களிடம் நீங்கள் எப்படி முன்னேறினீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலும் கிடைத்த பதில் ஒரே சொல்லாக இருந்தது: உழைப்பு. மூலதனம் இல்லை, படிப்பு இல்லை, உழைப்பை மட்டும் போட்டு வந்தோம் என்ற இந்தக் கதையைச் சாரி பொய்யென்று ஒதுக்கவும் இல்லை, அப்படியே எழுதிக்கொள்ளவும் இல்லை. 2004-இல் வெளிவந்த அவருடைய நூலின் சிறப்பு, அந்தச் சொல்லுக்குள் எவையெல்லாம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில் இருக்கிறது.

தோட்டத்தில் ஆளோடு ஆளாக நின்று வேலை செய்தவருக்கு, அந்த ஆளிடமிருந்து எவ்வளவு வேலை வாங்கலாம் என்ற கணக்கும் கைவந்திருந்தது. பவர் டேபிளில் உட்கார்ந்து தாமே தைத்த முதலாளி, பக்கத்து டேபிளின் வேகத்தையும் அறிந்திருந்தார். பங்காளியும் மாமன் மச்சானும் கூட்டாளிகளாக அமைந்தார்கள்; உறவு வட்டத்தில் கைமாற்றுக் கிடைத்தது; திருமணத்தில் வந்த பணம் தொழிலில் இறங்கியது. இவை எதுவும் இல்லாத ஒரு மாதாரி இளைஞர் அதே டேபிளில் அதே நேரம் உழைத்தாலும் அந்த உழைப்பு கம்பெனியாக மாறவில்லை. ஆகவே உழைப்பால் முன்னேறினோம் என்ற கூற்றில் பிழை எங்கே இருக்கிறது என்றால், உழைப்பு என்ற பகுதியில் இல்லை. அது ஒன்றே காரணம் என்று எஞ்சியவற்றை மறைத்துவிடும் இடத்தில் இருக்கிறது. தன் வரலாற்றைத் தானே சொல்லிக்கொள்ளும் எந்த வகுப்பும் இதைச் செய்யும்; கொங்கு நாட்டுக்கு மட்டும் உரிய குற்றமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பெண்கள் பெருந்தொகையாகக் கம்பெனிகளுக்கு வரத் தொடங்கிய 1980-களின் பிற்பகுதியில் இந்தக் கதை இன்னொரு திருப்பத்தைக் கண்டது. தையலுக்கும் செக்கிங்குக்கும் கைமடி என்னும் உதவி வேலைக்கும் வந்த பெண்களின் வேலை, அந்த வரிசையில் ஆண்கள் செய்த வேலையைப் போல் நாளைய முதலாளிக்கான பயிற்சியாகக் கருதப்படவில்லை. உழைத்து உயர்ந்த மனிதர் என்ற உருவம் ஆணுக்கே உரியதாக நின்றது என்று சாரி காட்டுகிறார். பெண்ணின் விரலுக்கு நளினம் இயல்பு, பொறுமை இயல்பு என்ற முத்திரை திருப்பூரில் பிறந்ததன்று. உலகெங்கும் ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் ஒலித்த இதே பேச்சை டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981-இல் ஆராய்ந்து, சிறு வயது முதல் வீட்டில் தையலும் பின்னலும் பழகியதால் வந்த திறமை அது, வீட்டுக்குள் கற்றது என்பதாலேயே அதற்குப் பயிற்சி என்ற மதிப்பும் கூலியும் மறுக்கப்படுகின்றன என்று விளக்கினார்கள். கொங்கு நாட்டு நூற்பாலைகளில் இந்த முத்திரை ஒரு வேலைத் திட்டமாகவே வடிவெடுத்தது. திருமணச் செலவுக்கு ஒரு தொகை என்ற உறுதியுடன் இளம்பெண்களை மூன்று ஆண்டு அளவுக்கு ஹாஸ்டலில் தங்கவைத்து வேலை வாங்கிய அந்த முறைக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயரிட்டவர்கள், பெண் எதற்காக வேலைக்கு வருகிறாள் என்ற முடிவையும் அவளுக்காக எடுத்துவிட்டிருந்தார்கள். கணவனை இழந்த ஒரு பெண் காட்டில் தன் பங்கைக் கேட்டு நிற்பதை ஆர். சண்முகசுந்தரம் 1942-லேயே 'நாகம்மாள்' நாவலில் எழுதிய மண் இது என்பதையும் சேர்த்து நினைத்தால், அடங்கிய கொங்குப் பெண் என்ற உருவம் எவ்வளவு அண்மைக் காலத் தேவையிலிருந்து வார்க்கப்பட்டது என்ற ஐயம் எழாமல் போகாது.

உழைப்புக்கு எதிர்முனையில் நிற்கும் முத்திரைகளில் நன்கு ஆராயப்பட்ட ஒன்று விசைத்தறித் தொழிலாளியைப் பற்றியது. குமாரபாளையம் பகுதியில் தறி உரிமையாளர் தொழிலாளிக்குக் கொடுக்கும் முன்பணத்துக்குப் பாக்கி என்று பெயர். பாக்கியை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவான், நம்பிக்கை கெட்டவன் என்பது உரிமையாளர் தரப்பின் நிலையான புகார். மானுடவியலர் கெர்ட் டி நெவ் 1990-களில் அங்கே தங்கிக் கண்டது சற்றுச் சிக்கலானது. ஆள் பற்றாக்குறையில் தொழிலாளியைக் கட்டிப்போட உரிமையாளர்கள் கண்டுபிடித்த வழியே பாக்கி. அதே பற்றாக்குறையைப் பயன்படுத்தி அடுத்த தறியில் கூடுதல் பாக்கி பெற்று நகர்ந்துகொள்வது தொழிலாளி கண்டுபிடித்த வழி. கட்டிவைக்கும் முயற்சியிலிருந்து தப்பும் செயலுக்குக் கட்டியவர் கொடுத்த பெயர் நம்பிக்கைத் துரோகம். இரண்டு தரப்பையும் கேட்காமல் உரிமையாளர் சங்கத்தில் மட்டும் பேட்டி எடுத்துத் திரும்பும் மாணவரின் ஆய்வேட்டில் அந்தப் பெயர் ஒரு கண்டுபிடிப்பாக அச்சேறிவிடும்.

கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும் என்ற இந்தச் செய்தியை முறையியலில் ஆய்வாளர் நிலைப்பாடு என்ற தலைப்பில் பாடமாக வைப்பார்கள். கொங்குச் சிற்றூரில் அந்தப் பாடம் முதல் ஐந்து நிமிடத்திலேயே நடந்துவிடும். "எந்த ஊருங்க?", "யாரு வீடுங்க?" என்று தொடங்கி, "நீங்க என்ன ஆளுங்க?" என்று முடியும் விசாரிப்பு சாதியை அறிந்துகொள்வதற்கானது, அதற்குக் கொடுக்கும் பதிலைப் பொறுத்தே கயிற்றுக் கட்டிலா திண்ணையா, எந்தப் பாத்திரத்தில் தண்ணீர், யாரைப் பற்றி எவ்வளவு பேசலாம் என்பன முடிவாகும். கேட்பவர் விரும்புவார் என்று தோன்றுவதையே பதிலாகச் சொல்லும் போக்கு எல்லா நாட்டிலும் உண்டு, ஆனால் இங்கே அது உறவு முறையோடும் சாதியோடும் பின்னிக் கிடக்கிறது. வெளிநாட்டு ஆய்வாளருக்குக் கிடைத்த ஒரு வசதி இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லாதிருந்ததே.

அந்த வசதியோடு 1960-களின் நடுவில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியவர் பிரெண்டா பெக். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவராக வந்த அவர் செய்தது பங்கேற்பு அவதானிப்பு, அதாவது மக்களோடு நெடுநாள் வாழ்ந்து அவர்களுடைய அன்றாடத்தைப் பார்த்துப் பதியும் முறை. 1972-இல் வெளிவந்த அவருடைய நூல், கவுண்டர் நாடு என்று ஒற்றைச் சொல்லில் குறிக்கப்படும் வட்டாரத்தில் நிலத்தோடும் கவுண்டர் ஆதிக்கத்தோடும் பிணைந்த வலங்கைச் சாதிகளும், கைத்தொழிலையும் வணிகத்தையும் நம்பி அந்த ஆதிக்கத்திலிருந்து சற்று விலகி நின்ற இடங்கைச் சாதிகளும் வெவ்வேறு வழக்கங்களோடும் வெவ்வேறு மதிப்பு அளவுகோல்களோடும் வாழ்ந்ததை விரிவாகக் காட்டுகிறது. கொங்கு நாட்டு வாய்மொழிக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையை ஊர்ப் பாடகர்கள் வாயிலாகவே அவர் ஒலிப்பதிவு செய்ததும் அக்காலத்தில்தான். கொங்கு என்பது ஒரே குணமுள்ள ஒரு மக்கள் கூட்டம் என்ற எண்ணத்துடன் இன்று களம் இறங்கும் உள்ளூர் மாணவர், அரை நூற்றாண்டுக்கு முந்தைய இந்த நூலைப் படித்துவிட்டு இறங்குவது நல்லது.

கொங்கு மரியாதை என்ற முத்திரைக்கும் இந்தக் கண்ணோட்டம் பொருந்தும். 'சின்னக் கவுண்டர்' (1992), 'எஜமான்' (1993), 'நாட்டாமை' (1994) போன்ற படங்கள் தமிழகம் முழுவதும் கொண்டுசேர்த்த மரியாதை நிறைந்த பேச்சு கற்பனையன்று; குழந்தையைக்கூட 'வாங்க கண்ணு' என்று அழைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. ஆனால் 'ங்க' யார் வாயிலிருந்து யாரை நோக்கிப் போகிறது என்று ஒரு வாரம் எண்ணிப் பார்த்தால் வேறு சித்திரம் கிடைக்கும். மாதாரி முதியவர் கவுண்டர் இளைஞரைப் 'பண்ணாடி' என்றோ 'சாமி' என்றோ விளிப்பதும், அந்த இளைஞர் முதியவரைப் பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிடுவதும் பழைய தோட்ட வாழ்வில் இயல்பு. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவலைப் படித்தவர்களுக்கு இந்த விளிகளின் எடை தெரியும். பனியன் கம்பெனிக்குள் நுழைந்ததும் பண்ணாடி என்ற விளி 'அண்ணா'வாகவும் 'சார்' ஆகவும் மாறுகிறது. அங்கேயும் மேல் கீழ் இருக்கிறது, ஆனால் அது சாதிப் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சமூக மாற்றத்தை அளக்க வருமானக் கணக்கைவிட இந்த விளிச்சொற்களின் கணக்கு நுட்பமான கருவி, செலவும் இல்லாதது.

மாற்றம் உண்மையிலேயே நடந்ததா என்று உறுதியாகச் சொல்ல, அதே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். தொடர் ஆய்வு எனப்படும் இம்முறையைக் கொங்கு நாட்டில் பொறுமையாகக் கடைப்பிடித்தவர் பொருளியலர் ஜூடித் ஹேயர். கோவை மாவட்டத்துச் சில சிற்றூர்களை 1981-82-இல் ஆராய்ந்த அவர் 1996-இலும் 2000-க்குப் பின்னரும் அங்கேயே திரும்பினார். முதல் ஆய்வில் அருந்ததியர் ஆண்களில் பலர் பண்ணையாட்களாக இருந்தனர். அடுத்த ஆய்வுகளுக்குள் அந்த முறை ஏறக்குறைய மறைந்து தினக்கூலி வந்துவிட்டது, கூலியும் உயர்ந்தது. இருந்தும், சுற்றிலும் வளர்ந்த தொழில்களின் நல்ல வேலைகளுக்குள் அருந்ததியர் நுழைந்தது மிகக் குறைவாகவே இருந்தது. கிரேஸ் கார்ஸ்வெலும் டி நெவும் திருப்பூரைச் சுற்றிய ஊர்களில் கண்ட வேறுபாடு இதற்குத் துணை நிற்கிறது: திருப்பூருக்குப் பேருந்தில் போய்வர முடிந்த ஊரில் தலித் இளைஞர்களுக்குச் சாதி தெரியாத வேலையிடம் ஒன்று கிடைத்தது, உள்ளூர் விசைத்தறியே வேலை கொடுத்த ஊரில் முன்பணக் கட்டு புதிய உருவில் தொடர்ந்தது.

வேலை மாறினால் முத்திரையும் மாறும் என்ற ஈக்லியின் கோட்பாட்டுக்கு இங்கே ஒரு தடை எழுகிறது. 2018 ஜூலையில் அவிநாசி வட்டாரத்து அரசுப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பிற சாதியினர் தடுத்து, அது வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு வரை போனது. தோட்டத்தில் களை பறிக்கும்போது யாருக்கும் உறுத்தாத கைகள் சமையலறைக்குள் வந்ததும் உறுத்தின. முத்திரை பழைய வேலையிலிருந்து பிறந்ததாக இருக்கலாம், ஆனால் புதிய வேலைக்குப் போகும் வாசலில் காவல் நிற்கவும் அதற்குத் தெரியும். பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் 2009-ஆம் ஆண்டுச் சட்டமும், இத்தகைய உட்பிரிவை ஏற்று 2024 ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அந்த வாசலை வெளியிலிருந்து தள்ளித் திறக்கும் முயற்சிகள். கல்லூரிக்குப் போன முதல் தலைமுறை அருந்ததியர் மாணவர்களே இப்பொருளின் அடுத்த ஆய்வாளர்களாக வரும்போது, இதுவரை எழுதப்பட்டவற்றில் எவை தலைகீழாகும் என்பதைப் பார்க்க வேண்டும்.

இன்று திருப்பூரிலும் கோவையிலும் முத்திரை உருவாகும் செயலைக் கண்ணெதிரே பார்க்க விரும்பும் மாணவருக்கு வேலைவாய்ப்புப் பலகைகளே போதுமான களம். வடக்கிலிருந்து வந்த பையன் சொன்ன வேலையைச் செய்வான், லீவு கேட்க மாட்டான்; நம்மாள் 100 நாள் வேலையும் ரேஷன் அரிசியும் வந்தபின் சோம்பேறியாகிவிட்டான் என்ற பேச்சு சிறு கம்பெனி முதல் ஓட்டல் வரை ஒரே குரலில் ஒலிக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் கவுண்டர் இளைஞருக்கு உரியதாக இருந்த உழைப்பாளிப் பட்டம் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்களுக்கு இடம் மாறியிருக்கிறது, ஒரு வேறுபாட்டோடு: முன்னவருக்கு அது முதலாளி ஆவதற்கான தகுதிச் சான்று, பின்னவருக்கு நீண்ட ஷிஃப்ட்டுக்கான தகுதிச் சான்று. கம்பெனி கொடுத்த அறையில் தங்கி, நோம்பி நொடியோ உறவினர் வீட்டுச் சீரோ குழந்தையின் பள்ளிக்கூடமோ குறுக்கிடாத ஒருவர் லீவு கேட்காதிருப்பதில் வியப்பில்லை. உள்ளூர்த் தொழிலாளி கூலி குறைந்த வேலையை மறுக்க முடிவதும் அவர் கையில் வேறு வழி ஒன்று வந்திருப்பதன் அடையாளம்; பேரம் பேசும் அந்த வலிமையைச் சோம்பல் என்று பெயரிட்டு அழைப்பவர் கூலியை உயர்த்தும் தேவையிலிருந்து தப்பித்துக்கொள்கிறார்.

புகழும் முத்திரை எவ்வளவு விரைவில் புரண்டு படுக்கும் என்பதற்கு அண்மை ஆண்டுகளே சான்று. 2020 மார்ச் ஊரடங்கில் அதே வடமாநிலத் தொழிலாளர்கள் நோய் பரப்புவோராகச் சந்தேகிக்கப்பட்டார்கள். தொழிற்சாலை திறந்ததும் திரும்பி வரமாட்டார்களா என்று ஏங்கப்பட்டார்கள். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்ற பொய்க் காணொளிகள் வடக்கே பரவியபோது தமிழர் மீதே ஒரு முத்திரை விழுந்தது. பீகார் அரசு அனுப்பிய அலுவலர் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து தொழிலாளர்களிடம் பேசி, காணொளிகள் உண்மையல்ல என்று அறிந்து திரும்பும் வரை இங்குள்ள முதலாளிகள் பதறியதும், இந்தியில் அறிவிப்புகள் ஒட்டப்பட்டதும் செய்தித்தாள்களில் பதிவாகியுள்ளன.

இனி நடக்கப்போவதை இன்றிலிருந்தே பதிவு செய்யத் தொடங்கலாம். தனி ஆளாக வந்த தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் இப்போது குடும்பத்தை அழைத்துவந்து லைன் வீடுகளில் குடியேறுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழில் படிக்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒடிசாக்காரர் ஒருவர் திங்கட்கிழமை வேலைக்கு வராதபோதும், ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை மறுக்கும்போதும், அவரைப் பற்றிச் சூப்பர்வைசர் பயன்படுத்தும் சொல் எந்த ஆண்டில் 'நல்ல உழைப்பாளி'யிலிருந்து 'இவனுகளும் நம்மாளுக மாதிரி ஆயிட்டானுக' என்பதாக மாறுகிறது என்று ஒரே கம்பெனியில் ஐந்தாறு ஆண்டு தொடர்ந்து குறித்துவைக்கும் ஆய்வேடு இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது.